கணினி மாதிரியுருவிற் கல்லும் சாந்தும்

கட்டடம் ஒன்றை எழுப்புமுன் அதன் உருவைச் சிறிதாகச் செய்து பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. மரத்தினாலும் மெழுகினாலும் தடித்த அட்டையினாலும் கட்டடக் கலைஞர் மாதிரியுருக்கள் செய்தனர். பார்ப்போர் அட்டையை அட்டையென்றே அறிந்து, சுவரின் நிறத்தையும் கல்லின் தன்மையையும் தம் மனத்தால் இட்டு நிரப்பிக்கொண்டனர். இன்று அம்மாதிரியுரு கணினிக்குள் அமைகின்றது. அங்கே மனத்தால் நிரப்புதற்கு அதிகம் இடமில்லை. சுவர் என்றால் அதற்கு ஒரு நிறமும், ஒரு மினுக்கமும், ஒரு சொரசொரப்பும் கொடுத்தே ஆகவேண்டும். இவற்றைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மாதிரியுருச் செய்வோன் அக்கட்டடத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்கின்றான். அச்செய்தி மெய்யாக அமைவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படுவது.

இது கட்டடக்கலை பயிலும் மாணவர்க்கு மட்டும் உரிய விடயமன்று. வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், விறாந்தையும் முற்றமும் உடைய பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எரியுண்டு போன வீடுகள் வேறு. நம் பழைய மாணவர் பலர் பிறந்து வளர்ந்த மனைகள் இன்று நிழற்படத்திலும் நினைவிலுமே உள. அவற்றைக் கணினியில் மீளக் கட்டித் தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் உளர். அதற்கு வேண்டிய கருவிகளும் இப்பொழுது கைக்கெட்டுகின்றன. பிளெண்டர் என்னும் செயலி விலையின்றிக் கிடைக்கின்றது. சுவர்களை எழுப்புவது ஒரு வாரத்துப் பழக்கத்தால் வந்துவிடும். எழுப்பிய சுவருக்கு எதைப் பூசுவது என்பதிலேதான் தொல்லை தொடங்குகின்றது.

கணினி அறிந்த மேற்பரப்பு மிக மெல்லிய ஒரு தோல். அதன்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் முறையை 1974இல் யூட்டாப் பல்கலைக்கழகத்தில் எட்வின் கட்மல் என்பவர் தமது கலாநிதிப்பட்ட ஆய்விலே விளக்கினார். படத்தைப் போர்த்தினால் நிறம் வரும், மேடுபள்ளம் வராது. 1978இல் ஜேம்ஸ் பிளின் என்பவர் அக்குறையைத் தீர்க்க ஓர் உபாயம் கண்டார். ஒரு மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டினைச் செவ்வன் என்று கணித வகுப்பிற் படித்திருக்கிறோம். அச்செவ்வனைச் சற்றே சாய்த்துவிட்டால், தட்டையான பரப்பின்மீது விழும் ஒளி, அங்கே மேடுபள்ளம் உள்ளதுபோலவே தோன்றும்படி அமையும். அச்சாய்வுகளைத் தொகுத்து வைத்திருப்பதைச் செவ்வன் படம் எனலாம். பின்னர், 2012இல் டிஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த பிறென்ற் பர்லி என்பவர், பொருளின் தன்மைகளைச் சில எண்களுக்குள் அடக்கும் முறையொன்றை வெளியிட்டார். இன்று வழங்கும் செயலிகள் பலவும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. அவ்வெண்களுள் தலையாயவை மூன்று: அடிநிறம், சொரசொரப்பு, உலோகமா அன்றா என்பது.

இம்மூன்றின் பின்னாலும் நிற்பது உயர்தர வகுப்பிற் படித்த ஒளித்தெறிப்பே. கல், சாந்து, மரம், ஓடு, வண்ணம் ஆகிய உலோகமல்லாப் பொருள்கள் பெரும்பாலும், நேராக வந்து விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கையே மேற்பரப்பிலிருந்து நேரே தெறிக்கச் செய்கின்றன. எஞ்சிய ஒளி உள்ளே புகுந்து, ஒரு பகுதி அங்கே உறிஞ்சப்பட, மற்றப் பகுதி நிறம் பெற்று எத்திசையும் பரவி வெளிவரும். மேற்பரப்பு வழவழப்பானதாயின் அந்த 4 பங்கும் ஒரு திசையிற் குவிந்து மினுக்கமாகத் தோன்றும். சொரசொரப்பானதாயிற் சிதறி மங்கிவிடும். உலோகத்தின் இயல்பு வேறு. அது விழும் ஒளியிற் பாதிக்கு மேற்பட்டதைத் தெறிக்கச் செய்வதோடு, பொன்னும் செம்பும் பித்தளையும்போல, அத்தெறிப்புக்கே தன் நிறத்தை ஏற்றிவிடுகின்றது. ஆதலாற் பித்தளைக் குத்துவிளக்கையும் மஞ்சள் வண்ணம் பூசிய சுவரையும் ஒரே வழியிற் செய்ய முடியாது. விளக்குக்கு மஞ்சள் நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அது பிளாத்திக்குப் போலத் தோன்றுகிறதே என்று வருந்தும் மாணவர் பலர்.

அடிநிறத்துக்கும் ஓர் எல்லையுண்டு. கரி தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்களவையும், புதிதாய் வெள்ளையடித்த சுவர் 80 பங்களவையும் திருப்புகின்றன. நாம் காணும் சுவர்கள் யாவும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. வெள்ளைச் சுவருக்கு 100 என்று கொடுத்தால், அறைக்குள் வந்த ஒளி சுவருக்குச் சுவர் மோதித் தேய்வின்றித் திரியும். அவ்வறையில் மூலையும் இருளும் இல்லாது போகும்.

இனி, கொட்டாஞ்சேனைப் பக்கம் செல்வோம். கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அறியாத கொழும்புத் தமிழர் இலர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த அக்கோயிலை, அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கி, 1912இற் குடமுழுக்குச் செய்வித்தார். செங்கல்லும் சுதையும் வண்ணமுமாக விளங்கும் கோயில்களுக்கிடையே இது கல்லாலேயே நம்மைத் தன்வயப்படுத்துவது. மாதிரியுருச் செய்வோனுக்கு இதனினும் நல்ல பாடசாலை கொழும்பில் இல்லை என்பது என் கருத்து.

இணையத்திலே மேற்பரப்புப் படங்களைத் தொகுத்து வைத்துள்ள களஞ்சியங்கள் பல உள. போலி ஹேவன் போன்றவை விலையின்றியே வழங்குகின்றன. அத்தகைய களஞ்சியங்களிற் கருங்கல் என்று தேடினால் எளிதிற் கிடைப்பது சமையலறை மேடைக்காக அறுத்து மினுக்கிய பலகைக்கல். அதனைக் கொண்டுவந்து கற்றூணிற் போர்த்தினால் மண்டபம் வங்கியின் முகப்புப்போல ஆகிவிடும். பெயர் பொருந்தியது, கல்லும் ஓரளவு பொருந்தியது, வேலைப்பாடு பொருந்தவில்லை. கல் கோயிலுக்குள் வருமுன் உளியைக் கண்டது. வந்தபின் நூறாண்டு மனிதர் கையைக் கண்டது. மேற்பரப்பு என்பது அவ்விரண்டின் பதிவு.

எந்தக் கற்கோயிலிலும் ஒரு தூணை அடியிலிருந்து நோக்கிக்கொண்டு மேலே செல்க. தரையை ஒட்டி, நீர் ஊற்றிக் கழுவும் இடத்தில், கல் ஒருவகைக் கருமை பெற்றிருக்கும். அதற்கு மேலே, வழிபடுவோர் சாய்ந்தும் பற்றியும் செல்லும் உயரத்தில், உளித்தழும்பு தேய்ந்து எண்ணெய்ப் பசையோடு கூடிய மினுக்கம் காணப்படும். அதற்கும் மேலே, கை எட்டாத இடத்தில், உளி கொத்தியது கொத்தியபடி, ஒளியைச் சிதறவிட்டு வெளிறி நிற்கும். விளக்கின் அருகே எண்ணெய், விதானத்திலே புகை, எங்கோ ஒரு மூலையிற் கையைத் துடைத்த திருநீறு. கல் ஒன்றேயாயினும் மேற்பரப்பு நான்கைந்து உள. கணினியில் இதனைச் செய்வது கடினமன்று. அடிநிறத்தை ஏறக்குறைய ஒன்றாகவே வைத்துக்கொண்டு, சொரசொரப்பை மட்டும் உயரத்துக்கேற்ப மாற்றும் படம் ஒன்றைத் தனியே வரைந்துகொள்ளலாம். நிறத்தைத் தேடி நாட்கணக்காய் அலைவோர் சொரசொரப்புக்கு ஒரு மணி நேரமும் கொடுப்பதில்லை. கண்ணோ, கல்லைக் கல்லென்று அறிவதற்கு நிறத்தைவிடச் சொரசொரப்பையே பெரிதும் நம்புகின்றது. கருப்பு வெள்ளைப் படத்திலும் நாம் கல்லையும் பட்டையும் வேறுபடுத்தி அறிவது அதனாலன்றோ?

தூணிற் செதுக்கிய உருவங்களை உண்மையான வடிவமாகவே கட்டுவதா, செவ்வன் படத்தாற் காட்டிவிடுவதா என்னும் ஐயம் எழும். செவ்வன் படம் உள்ளே மேடுபள்ளம் காட்டும், விளிம்பை மாற்றாது. ஆகவே, பக்கத்திலிருந்து பார்க்கும்போது வானத்தையோ இருளையோ பின்னணியாகக் கொண்டு விளிம்பு தெரியும் போதிகைகளையும் யாளிகளையும் வடிவமாகவே கட்டுதல் வேண்டும். சுவரோடு ஒட்டிய கோலங்களுக்கும் உளித்தழும்புகளுக்கும் படமே போதும்.

இவ்விடத்தில் நம் நாட்டு ஞாயிற்றின் போக்கையும் நினைத்துக்கொள்ளவேண்டும். கொழும்பு நில நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே உள்ளது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னும், பின்னர்ச் செப்ரெம்பர் மாதத் தொடக்கத்திலும், நண்பகலிற் சூரியன் நம் உச்சிக்கு வந்துவிடுகின்றது. அப்பொழுது ஒளி சுவரின்மீது மோதாமற் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். ஒவ்வோர் உளித்தழும்பும், பூச்சு மேசனின் ஒவ்வொரு கைத்தடமும், தத்தம் நிழலுடன் எழுந்து நிற்கும். ஐரோப்பிய நகர் ஒன்றிற் சரிந்த வெயிலுக்கு அளவாய்ச் செய்த செவ்வன் படத்தை இங்கே கொண்டுவந்து உச்சி வெயிலில் வைத்தால், மெல்லிய பூச்சும் பாறைபோலத் தோன்றும். அதன் வலிமையைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டி வரும். எந்த மேற்பரப்பையும் தெரிந்துகொண்டவுடன், அதனைக் காலை, நண்பகல், மாலை, முகில் மூடிய பொழுது என நான்கு ஒளியிலும் வைத்துப் பார்த்தல் நன்று. ஓர் ஒளியில் மட்டும் அழகாயிருப்பது பெரும்பாலும் பிழையானது.

பிறர் படம் பொருந்தாதவிடத்து நாமே படமெடுக்க வேண்டும். வெயில் எறிக்கும் நேரத்தில் எடுத்தால் நிழலும் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்; பின்னர்க் கணினியில் வேறு திசையிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், சுவரில் இரண்டு சூரியன்களின் நிழல் விழும். முகில் மூடிய பகலே இதற்கு ஏற்றது. வைகாசி முதலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கொழும்பில் அதற்குக் குறைவில்லை. சுவருக்கு நேரே நின்று எடுக்கவேண்டும். நிற அளவை அட்டையை ஒரு படத்திலேனும் அருகே பிடித்தல் வேண்டும். 24 நிறக் கட்டங்களுடைய இவ்வட்டை 1976 முதல் வழக்கில் உள்ளது. அது கிடையாதவர் வெள்ளைத் தாள் ஒன்றையும் அடிமட்டம் ஒன்றையும் வைத்து எடுத்தாலும் பின்னர் உதவும். கோயிலாயின் அனுமதி பெறுதல் முதற்கடமை. கருவறையைப் படமெடுத்தல் வழக்கமன்று. மாதிரியுருவிலும் அதனுள்ளே ஒரு மேற்பரப்பும் வையாது இருளாகவே விட்டுவிடுதல் தகும். அங்கே நின்று காண்பவனுக்கும் விளக்கொளியல்லாது சுவர் தெரிவதில்லை.

அளவைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். ஒரு செங்கல், சாந்து மூட்டையும் சேர்த்து, ஏறக்குறைய 225 மில்லிமீற்றர் நீளமும் 75 மில்லிமீற்றர் உயரமும் கொள்ளும். ஒரு மீற்றர் உயரத்தில் 13 வரிசை அமையும். படத்தை இருமடங்கு பெரிதாக்கிப் போர்த்தினால் வரிசை ஆறேழாகக் குறைய, வீடு பொம்மை வீடாகிவிடும். ஏன் அவ்வாறு தோன்றுகின்றது என்று பார்ப்பவனுக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ பிழையென்று மட்டும் தெரியும். ஓட்டுக்கும் இது பொருந்தும். அரைவட்ட நாட்டோடும், 1865 முதல் மங்களூரிற் பாசல் மிஷன் ஆலையில் யந்திரத்தாற் செய்யப்பட்ட தட்டையோட்டின் வகையும், நிழலிலும் வரிசையிலும் முற்றும் வேறானவை. ஒன்றிருக்க வேண்டிய கூரையில் மற்றதை இடுவோர் வீட்டின் காலத்தையே மாற்றிவிடுகின்றனர். படத்தின் நுணுக்கத்தைப் பொறுத்தவரை, ஒரு மீற்றர்ச் சுவருக்கு 1024 புள்ளி என்றால் ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றர் ஆகின்றது. கைக்கெட்டும் தூரத்திற் காணும் தூணுக்கு அது வேண்டும். மூன்றாம் மாடிச் சுவருக்கு வேண்டியதில்லை. 4096க்கு 4096 புள்ளியுடைய படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் 64 மெகாபைற் இடத்தை விழுங்கும். அத்தகையன ஐம்பதை ஏற்றிவிட்டுக் கணினி நத்தையாகிவிட்டதென்று குறை கூறுவதிற் பயனில்லை.

வெள்ளவத்தை வீட்டுக்கு வருவோம். அவ்வீடுகளின் சிறப்புக்களுள் ஒன்று சிவப்புச் சீமெந்துத் தரை. மெழுகு பூசித் தேங்காய்ப் பொச்சுமட்டையாலே தேய்த்துத் தேய்த்து மினுக்கிய அத்தரையைப் பலர் கணினியிற் கண்ணாடிபோல ஆக்கிவிடுகின்றனர். நின்றவாறே காலடியைக் குனிந்து நோக்கினால் அத்தரை மங்கிய சிவப்பே. விறாந்தையிலிருந்து அறையின் மறு கோடியை நோக்கினாலோ, பின்கதவின் வெளிச்சம் அதன்மேல் நீளமாய்க் கிடக்கும். படுகோணம் கூடக்கூடத் தெறிப்புக் கூடும் என்னும் விதியை, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கணித்துத் தந்தார். செயலிகள் அவ்விதியைத் தாமே கைக்கொள்கின்றன. நாம் செய்யவேண்டியது, தரையைக் கண்ணாடியாக்காது, சொரசொரப்பை நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, நடமாடும் வழியில் ஓரளவும் கட்டிலின் கீழே வேறோரளவுமாக மாற்றிவிடுதலே. விளிம்புகளில் மெழுகு தேங்கிக் கறுத்திருக்கும். அதனை நினைவுகூர்பவர்கள் தரையைத் தேய்த்தவர்களே. வீட்டுத்தலைவரைக் கேட்டுப் பயனில்லை.

வெளிச்சுவரிலே மழையும் உப்புக்காற்றும் வேலை செய்கின்றன. அழுக்கு எங்கும் சமமாகப் படிவதில்லை. நீர் வழியும் பாதையிற் பாசி படியும். சாளரப் படியின் இரு முனைகளிலிருந்தும் கீழ்நோக்கிக் கருங்கோடுகள் இறங்கும். கைப்பிடிச் சுவரின் தலை கறுத்துவிடும். கடலை நோக்கிய பக்கத்தில் இரும்புக் கம்பிகள் துருவைக் கக்கிச் சுவரிற் செந்நிறக் கறை விடும். எனவே, களஞ்சியத்திலுள்ள 'பழைய சுவர்' என்னும் படத்தை வாங்கி வீடு முழுவதும் போர்த்துதல் தகாது. புதிய சுவரைச் செய்து, பின் மழைபெய்வித்துப் பழையதாக்கவேண்டும். மழை எங்கே விழும், எங்கே தங்கும், எங்கே வழியும் என்று கூரையின் இறக்கத்தைக் கண்டு அறிதல்வேண்டும். அழுக்கும் காரணத்தோடுதான் வருகின்றது.

இக்காரணத்தாலேயே மாடிக் குடியிருப்புகளை விற்பதற்காக வெளியிடப்படும் படங்களை ஐயுற்று நோக்குதல் நன்று. அவற்றிற் சுவருக்கு வயதில்லை, கண்ணாடிக்குத் தூசியில்லை, எந்த நேரமும் மாலைப்பொழுது. ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு, படத்தை மட்டும் நம்பிக் கடலோரத்தில் வீடு வாங்கும் நம்மவர், அதே படத்தை மூன்றாண்டு மழைக்குப் பின் உள்ளவாறு வரைந்து காட்டுமாறு கேட்கலாம். சில மணி நேர வேலை அது.

மிகவும் கடினமானது இல்லாதொழிந்த வீட்டை மீளக் கட்டுதல். வடிவம் ஒருவாறு கிடைக்கும். பழைய வரைபடம், உறுதியோடு இணைந்த நில அளவைப் படம், அயலில் எஞ்சியுள்ள அதே வகை வீடு ஆகியவை துணைசெய்யும். மேற்பரப்புக்குச் சான்று நிழற்படமே. ஆனால் நிழற்படமும் சாட்சி சொல்லும்போது தடுமாறும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படச்சுருள்களும் தட்டுகளும் பெரும்பாலும் செந்நிறத்தை உணராதவை; அவற்றிலே சிவந்த ஓடு கருமையாகவும் நீல வானம் வெண்மையாகவும் தோன்றும். 1930களின் பின் எல்லா நிறத்தையும் உணரும் சுருள் பரவிற்று. ஆகவே இரு காலத்துப் படங்களின் கருமையை ஒரே அளவுகோலால் அளக்கலாகாது. 1970களின் வண்ணப் படங்களோ, ஆல்பத்தின் இருளிற் கிடந்தவாறே நீலப்பச்சைச் சாயம் மங்கிச் செந்நிறம் பாரித்துவிட்டன. அப்படத்தைப் பார்த்து வீட்டுச் சுவர் இளஞ்சிவப்பு என்று துணியுமுன், அதே படத்தில் உள்ள வெள்ளை வேட்டியோ பாடசாலைச் சீருடையோ எந்நிறத்திலே தோன்றுகின்றது என்று பார்க்க. வேட்டியும் இளஞ்சிவப்பாயின் சுவர் வெள்ளையாய் இருத்தல் கூடும். வேட்டியை வெண்மையாக்கும் அளவுக்குத் திருத்தினாற் சுவரும் தன் நிறத்துக்குப் பெரும்பாலும் அணுகிவரும்.

எந்த நாளின் மேற்பரப்பு என்பதும் ஒரு கேள்வி. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நினைத்தால் இது விளங்கும். 1959இல் திறக்கப்பட்ட வெண்ணிறக் கட்டடம், 1981இல் எரியூட்டப்பட்ட கரிய கட்டடம், பின்னர்ப் புதுக்கப்பட்டு இன்று நிற்கும் கட்டடம் ஆகிய மூன்றின் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. மூன்றையும் வேறாக்குவது மேற்பரப்பு. வடிவத்தைச் செய்துவிட்டு வெள்ளை பூசிவிடும் மாணவன், தான் அறியாமலே ஓர் ஆண்டைத் தெரிந்தெடுக்கின்றான். அவன் அதனை அறிந்தே தெரிந்தெடுத்தல் வேண்டும், தெரிந்த ஆண்டைப் படத்தின் கீழே எழுதவும் வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைக்கும் அவ்வாறே. 1983 யூன் மாதத்து ஒழுங்கையா, அடுத்த மாதத்து ஒழுங்கையா என்பதைச் சொல்லாது விடுவது நடுநிலைமையாகாது.

பிறநாட்டார் இதனை நெறிப்படுத்தியுள்ளனர். மரபுச் சின்னங்களைக் கணினியிற் காட்டுவோர்க்கென 2006இல் இலண்டன் சாசனம் என்னும் கோட்பாட்டுத் தொகுதி எழுந்தது. 2009இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. காட்டப்படுவதில் எது சான்றுடையது, எது ஊகம், ஊகித்தது எதனால் என்பவற்றைப் பார்ப்போன் அறியும்படி வைக்கவேண்டும் என்பது அதன் முக்கியமான கோட்பாடு. பாரிசு நோத்திர தாம் பேராலயம் 2019 ஏப்பிரலில் தீப்பற்றுமுன்பே, அன்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றாசிரியர் அதனை லேசர்க் கதிராலே நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். அத்தகைய அளவீடு நம் வீடுகளுக்கு இல்லை. ஆதலின் நமக்கு அச்சாசனம் இன்னும் கூடுதலாக வேண்டியது.

நான் கைக்கொள்ளும் முறை எளியது. சான்றுள்ள மேற்பரப்புக்கு முழு நிறமும் இழையமைப்பும் கொடுப்பேன். அயல் வீட்டைக் கண்டு ஊகித்ததற்கு நிறம் மட்டும் கொடுத்து இழையமைப்பைத் தவிர்ப்பேன். ஒன்றும் அறியாததைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுவேன். முதலில் இதனைக் காண்போர் வேலை முடியவில்லை என்பர். சற்று நேரத்திலே, அச்சாம்பற் சுவரைச் சுட்டி, அங்கே பச்சைக் கதவு ஒன்று இருந்தது, அதன் கீழ்ப்பலகையிற் கறையான் அரித்திருந்தது என்று பேசத் தொடங்குவர். எல்லாச் சுவருக்கும் அழகான நிறம் கொடுத்துக் காட்டியபொழுது எவரும் அவ்வாறு பேசியதில்லை. நன்றாயிருக்கின்றது என்று கூறிச் சென்றனர்.

நினைவைக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. நிறத்தின் பெயரைக் கேட்டாற் பயன் சிறிது. 'கிறீம்' என்று ஒருவர் கூறுவதை மற்றொருவர் இளமஞ்சள் என்பார். வண்ணம் விற்கும் கடையில் நிற அட்டை ஒன்றைப் பெற்று, முகில் மூடிய பகலில் வாசலருகே வைத்து, பேசாது சுட்டும்படி ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கவேண்டும். மின்விளக்கின் கீழே கேட்டால் நிறம் மாறும். அண்ணனும் தங்கையும் இரு வேறு நிறத்தைச் சுட்டினால் இரண்டையும் எண்ணோடு குறித்துக்கொள்க. இடையில் அச்சுவர் மறுமுறை பூசப்பட்டிருக்கலாம்; அண்ணன் முன்னதையும் தங்கை பின்னதையும் கண்டிருக்கலாம். மாதிரியுருவில் அச்சுவருக்கு இரு நிறத்தையும் ஏற்றிவைத்து, கேட்போர் விரும்பியதை மாற்றிக் காட்டுவது கணினிக்கு ஒரு நொடி வேலை.